சோதனையும் நம்பிக்கையும்: கொச்சிக்கடை எழுப்பும் வினா

‘நம்பிக்கை’ என்னும் சொல் தமிழில் இருவகைப் பொருளில் வழங்குகின்றது. ‘நாளை மழை பெய்யும் என நம்புகிறேன்’ என்று கூறும் உழவனும், ‘என் அண்ணனை நம்புகிறேன்’ என்று கூறும் தங்கையும் ஒரே வினைச்சொல்லையே ஆளுகின்றனர். எனினும் முன்னையது ஒரு நிகழ்ச்சி பற்றிய எதிர்பார்ப்பு. பின்னையது ஓர் ஆளின்மீது கொண்ட பற்றுறுதி. மழை பெய்யாது போயின் உழவனின் நம்பிக்கை அன்றே பொய்த்துவிடுகின்றது. அண்ணன் ஒருநாள் வரத் தவறினானாயின் தங்கையின் நம்பிக்கை அவ்வாறு உடனே பொய்த்துவிடுவதில்லை, ‘ஏன் வரவில்லை?’ என்ற வினாவாக உருமாறி அது தொடர்ந்து நிற்கின்றது. கடவுளை நம்புதல் என்று கூறும்போது இவ்விரண்டில் எது கருதப்படுகின்றது? வாழ்வு சீராகச் செல்லும்வரை இவ்வினா எழுவதில்லை. அப்போது இருவகை நம்பிக்கையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கின்றன. சோதனை நேரும்போதுதான் அவை வேறு வேறாகப் பிரிகின்றன.

‘சோதனை’ என்ற சொல்லும் இவ்வாறே இருபொருள் கொண்டது. ஒருவனது தகுதியை ஆராய்ந்து அறிதலும் சோதனை எனப்படுகின்றது. அவனுக்கு வந்துற்ற துன்பமும் சோதனை எனப்படுகின்றது. நற்செய்தி நூல்களின் கிரேக்க மூலத்திலும் இவ்விரு பொருளையும் ஒரே சொல் தாங்கி நிற்கின்றது. துன்பத்தைச் சோதனை என அழைக்கும் மாத்திரத்திலேயே அதனைச் சோதிப்பவர் ஒருவர் உளர் என்ற கருத்து சொல்லினுள் நுழைந்துவிடுகின்றது. கடவுளே சோதிப்பவராயின், அவர் எதனை அறியும்பொருட்டுச் சோதிக்கிறார்? முற்றும் அறிந்தவர்க்குச் சோதனை எதற்கு? சமயத் தத்துவத்தின் மிகப் பழைய இவ்வினாக்கள், இலங்கைத் தமிழ்க் கிறிஸ்தவர்களைப் பொறுத்தமட்டில் 2019 ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 21 ஆம் திகதிக்குப் பின்னர் ஏட்டளவில் நில்லாது இல்லந்தோறும் எழுந்த வினாக்களாயின.

கொழும்பு மாநகரின் வடபால், துறைமுகத்தை ஒட்டி அமைந்தவை கொட்டாஞ்சேனையும் கொச்சிக்கடையும். தமிழர், சிங்களவர், முஸ்லிம்கள் ஆகிய மூவினத்தவரும் நெருங்கி வாழும் பகுதி இது. சேர். பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லாற் புதுக்கிக் கட்டிய பொன்னம்பலவாணேசுவரர் கோயிலும், புனித அந்தோனியார் ஆலயமும் இங்கு ஒன்றுக்கொன்று அணித்தே உள்ளன. ஆலயத்தின் தோற்றம் பற்றி வழங்கும் மரபுச் செய்தியே ஒரு சோதனைக் கதையாகும். ஒல்லாந்தர் ஆட்சியில் கத்தோலிக்க சமயம் தடைசெய்யப்பட்டிருந்த காலத்தில், அந்தோனியோ என்னும் குருவானவர் வணிகர் வேடத்தில் இங்கு மறைந்து வாழ்ந்தார் என்பர். கடல் ஊரை அரித்து வந்தமை கண்டு அஞ்சிய மீனவர் அவரை வேண்டிக்கொள்ள, அவர் கரையில் சிலுவை நாட்டிச் செபித்தார் என்றும், கடல் பின்வாங்கிற்று என்றும், அவ்விடத்திலேயே சிறிய மண் கோயில் ஒன்று எழுந்தது என்றும் அம்மரபு கூறுகின்றது. இன்றுள்ள பெரிய ஆலயம் 1834 ஆம் ஆண்டில் நிறைவு பெற்றது.

கேட்டதற்குக் கிடைத்த விடையாகவே இவ்வாலயம் மக்கள் மனத்தில் பதிந்துள்ளது என்பதை இக்கதை காட்டுகின்றது. செவ்வாய்க்கிழமைகளில் இங்கு கூடுவோர் கத்தோலிக்கர் மட்டுமல்லர். வெள்ளவத்தையிலிருந்து பேருந்தேறி வரும் சைவப் பெண்மணி, பரீட்சை எழுதவிருக்கும் பௌத்த மாணவன், வெளிநாடு சென்ற மகனிடமிருந்து செய்தி வராத தாய் எனப் பலரும் மெழுகுதிரி ஏற்றி நேர்த்தி வைக்கின்றனர். தொலைந்த பொருளை மீட்டுத் தருபவர் என அந்தோனியார் உலகெங்கும் போற்றப்படுகின்றார். வேண்டுதலும் நிறைவேற்றமும் இவ்விடத்துப் பக்தியின் இரு கரைகளாகும். சமயத்தைக் கற்றோர் சிலர் இதனைப் பேரம் பேசும் பக்தி எனக் குறைத்து மதிப்பிடுவதுண்டு. அம்மதிப்பீடு பொருந்துமா என்பது பின்னர் ஆராயப்படும்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. கிறிஸ்தவ ஆண்டின் தலையாய திருநாள். அன்று காலை திருப்பலி வேளையில் கொச்சிக்கடை ஆலயத்தினுள் தற்கொலைக் குண்டு வெடித்தது. நீர்கொழும்புக் கட்டுவாப்பிட்டி புனித செபஸ்தியார் ஆலயமும், மட்டக்களப்பு சீயோன் தேவாலயமும், கொழும்பின் மூன்று உல்லாச விடுதிகளும் அதே காலையில் தாக்கப்பட்டன. 260 இற்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். மட்டக்களப்பில் மாண்டோருள் ஞாயிறு பாடசாலைக்கு வந்திருந்த சிறுவர் பலர் அடங்குவர். சாவை வென்ற செய்தியைக் கொண்டாட வந்தோர் அக்கொண்டாட்டத்தின் நடுவிலேயே சாவைச் சந்தித்தனர். வீதியில் நேர்ந்திருப்பின் விபத்தெனலாம். போர்முனையில் நேர்ந்திருப்பின் போரின் கொடுமை எனலாம். கடவுளின் இல்லத்தில், கடவுளின் நாளில், அவரை வழிபட்டுக்கொண்டிருக்கும்போதே நேர்ந்ததை யாதென்பது?

இத்தகைய வினாவை உலகம் முன்னரும் எதிர்கொண்டதுண்டு. 1755 ஆம் ஆண்டு நவம்பர் மாதம் முதலாம் திகதி, சகல புனிதர் திருநாளன்று, போர்த்துக்கல்லின் தலைநகராகிய லிஸ்பன் பெரும் நிலநடுக்கத்துக்கு உள்ளாயிற்று. காலைத் திருப்பலிக்கு ஆலயங்களில் நிறைந்திருந்த மக்கள்மீது அவற்றின் கூரைகளே இடிந்து வீழ்ந்தன. கொச்சிக்கடையில் வணங்கப்படும் அந்தோனியார் இந்த லிஸ்பனிலேயே பிறந்தவர்; அவர் பிறந்த இடத்தில் எழுப்பப்பட்டிருந்த ஆலயமும் அந்நிலநடுக்கத்தில் அழிந்தது. இருக்கக்கூடிய உலகங்கள் யாவற்றினும் சிறந்த உலகத்தையே கடவுள் படைத்தார் என்று 1710 இல் லைப்னிற்ஸ் நிறுவ முயன்றிருந்தார். லிஸ்பனுக்குப் பின்னர் வோல்டேயர் அக்கொள்கையை எள்ளி நகையாடி 1759 இல் ‘கந்தீத்’ என்ற கதையை வெளியிட்டார். கடவுளின் நீதியைத் தருக்கத்தால் நிலைநாட்டும் முயற்சிக்கு அப்பேரழிவு பெரும் அடியாயிற்று என்பர் தத்துவ வரலாற்றாசிரியர். எனினும் லிஸ்பனுக்கும் கொச்சிக்கடைக்கும் ஒரு வேறுபாடு உண்டு. அங்கு நடுங்கியது நிலம். இங்கு வெடித்தது மனிதன் சுமந்து வந்த குண்டு. அதுவும் கடவுளின் பெயரால் சுமந்து வந்தது. எனவே இங்கு கடவுளை நோக்கிய வினாவோடு மனிதரை நோக்கிய வினாவும் சேர்ந்தே எழுகின்றது.

துன்பத்துக்குச் சமயவாதிகள் கூறிவரும் விளக்கங்களுள் மூன்றினை இங்கு நோக்கலாம்.

முதலாவது விளக்கம், துன்பம் பாவத்தின் கூலி என்பது. விவிலியத்தின் யோபு ஆகமத்தில் யோபுவைத் தேற்ற வந்த நண்பர்கள் இதனையே வற்புறுத்தினர். யோபு இதனை ஏற்கவில்லை. தான் குற்றமற்றவன் என வாதாடினான். கடவுளையே வழக்குக்கு அழைத்தான். அவ்வாகமத்தின் முடிவு சிந்தனைக்குரியது. கடவுளுக்காகப் பரிந்து பேசிய நண்பர்கள் கடவுளாற் கடிந்துகொள்ளப்படுகின்றனர். அவரை எதிர்த்து வழக்காடிய யோபுவே உள்ளபடி பேசியவன் எனப் பாராட்டப்பெறுகின்றான். 1791 இல் இம்மானுவேல் காண்ட் எழுதிய கட்டுரை ஒன்று இவ்விடத்தைச் சிறப்பாக எடுத்தாள்கின்றது. நண்பர்கள் தாம் அறியாததை அறிந்தவர்போற் பேசி, ஆற்றல் மிக்கவரின் தயவை நாடினர். யோபுவோ தன் உள்ளத்தில் இருந்ததை அப்படியே உரைத்தான். இந்நேர்மையே அவனை உயர்த்திற்று என்பது காண்டின் கருத்து. சிறுவர் மாண்ட இடத்தில் பாவக்கணக்குப் பார்ப்பவர் யோபுவின் நண்பரது வரிசையிலேயே இடம்பெறுவர்.

இரண்டாவது விளக்கம், துன்பம் ஆன்மாவைப் பக்குவப்படுத்தும் மருந்து என்பது. தமிழ்ப் பக்தி மரபிலும் இதற்கு அழகிய வடிவம் உண்டு. அறுத்துச் சுடும் மருத்துவன்பால் நோயாளன் நீங்காத காதல் கொள்வதுபோல, துயர் தரினும் இறைவன்பால் தம் அன்பு குன்றாது எனக் குலசேகர ஆழ்வார் உவமித்தார். தன் உடலில் விழுந்த கத்தியைப் பற்றி ஒருவன் இவ்வாறு கூறுவானாயின் அது பெருமைக்குரிய பக்தி. பிறனது உடலில் விழுந்த கத்தியைச் சுட்டி, ‘அது மருந்து’ என்று அவன் கூறுவானாயின் அது பக்தியாகாது. மட்டக்களப்பில் மாண்ட சிறுவரின் சாவு அவர்தம் பெற்றோரைப் பக்குவப்படுத்தும் மருந்து எனின், அச்சிறுவர் மருந்துக்கு அரைக்கப்பட்ட மூலிகைகளே ஆவர். குழந்தை ஒன்றின் கண்ணீரை விலையாகக் கொடுத்துப் பெறும் பேரின்பம் தனக்கு வேண்டாம் என தஸ்தயேவ்ஸ்கியின் இவான் கரமசோவ் மறுப்பது இக்காரணம் பற்றியே. அம்மறுப்பில் நாத்திகத்தைக் காட்டிலும் நீதியுணர்வே மேலோங்கி நிற்கின்றது.

மூன்றாவது விளக்கம், மாண்டோர் மறைசாட்சிகள் என்பது. இலங்கைத் தமிழ்க் கத்தோலிக்கர்க்கு இது புதிதன்று. 1544 ஆம் ஆண்டில் சங்கிலி மன்னனின் ஆணையால் மன்னாரில் கொல்லப்பட்ட கிறிஸ்தவர்களை அவர்கள் இன்றும் மறைசாட்சிகளாக நினைவுகூர்கின்றனர். 2019 இல் மாண்ட கத்தோலிக்கர் 167 பேரின் பெயர்களை விசுவாசத்தின் சாட்சிகள் வரிசையில் வத்திக்கான் சேர்த்துக்கொண்டமையைக் கர்தினால் மல்கம் ரஞ்சித் 2025 ஏப்ரல் 21 இல் அறிவித்தார். இது மாண்டோர்க்கு உரிய மதிப்பே. எனினும் இம்மதிப்பு அவர்கள் யார் என்பதைக் கூறுகின்றதேயன்றி, அவர்களுக்கு ஏன் இவ்வாறு நேர்ந்தது என்பதைக் கூறவில்லை. பட்டத்தை விளக்கமாகக் கொள்ளுதல் பட்டத்துக்கும் இழுக்காகும்.

ஆகவே மூன்று விளக்கங்களும் வினாவைத் தீர்க்கவில்லை. அவ்வாறாயின் விளக்கமின்றியே நம்ப முடியுமா?

இங்கு சோதனைக் கதைகளின் முடிவுகளை ஒப்புநோக்குதல் பயன் தரும். பெரிய புராணத்தில் அப்பர் நீற்றறையில் இடப்பட்டும் வாடாது வெளிவருகின்றார். சிறுத்தொண்டர் அரிந்து கறியாக்கிய சீராளன் அழைத்ததும் ஓடி வருகின்றான். சோதனை நீங்கியபோது இழந்ததே திரும்பக் கிடைக்கின்றது. யோபுவின் கதை நுட்பமாக வேறுபடுகின்றது. அவன் தொடக்கத்தில் இழந்தது ஏழு புதல்வரையும் மூன்று புதல்வியரையும். முடிவில் மீண்டும் ஏழு புதல்வரும் மூன்று புதல்வியரும் பிறக்கின்றனர். கணக்குச் சரியாயிற்று, ஆனால் மாண்ட பதின்மர் திரும்பவில்லை. பின்னர் பிறந்த பிள்ளைகளைத் தொட்டிலில் இட்டு ஆட்டிய யோபு, முன்னையோரை மறந்திருப்பான் என்று எத்தாயும் தந்தையும் நம்பார். கொச்சிக்கடையிலும் தொலைந்தோர் திரும்பி வரவில்லை. தொலைந்ததை மீட்டுத் தரும் புனிதரின் சந்நிதியிலேயே அவர்கள் தொலைந்தனர். எனவே இங்கு நம்பிக்கை நிலைக்குமாயின், அது இழந்தது மீளும் என்ற கதையைச் சார்ந்து நிலைக்க முடியாது.

விவிலியத்தின் இரு காட்சிகள் இதற்கு வழிகாட்டுகின்றன. பாலைவனத்தில் அலகை இயேசுவைத் தேவாலயத்தின் உச்சியில் நிறுத்தி, கீழே குதிக்குமாறும், வானதூதர் தாங்கிக்கொள்வர் என்றும் கூறிற்று. பார்வைக்கு இது நம்பிக்கையின் உச்சமாகத் தோன்றும். இயேசு அதனை நம்பிக்கை எனக் கொள்ளவில்லை. கடவுளைச் சோதித்தல் எனக் கொண்டு மறுத்தார். எனக்கு ஒன்றும் நேராது என்ற உறுதியை முன்வைத்துக் கடவுளை அணுகுபவன், தான் சோதிக்கப்படுவதாக எண்ணினும், உண்மையில் கடவுளையே சோதிக்கின்றான் என்பது இக்காட்சியின் உட்பொருள். இரண்டாவது காட்சி தானியேல் ஆகமத்தில் வருவது. சிலையை வணங்க மறுத்த இளைஞர் மூவர் எரியும் சூளைமுன் நிறுத்தப்படுகின்றனர். கடவுள் தம்மைக் காக்க வல்லவர் என்று அரசனிடம் கூறும் அவர்கள், அவர் காவாது விடினும் சிலையை வணங்கோம் என்று சேர்த்துக் கூறுகின்றனர். அவர்கள் பின்னர் காக்கப்பட்டமை கதையின் முடிவு. அவர்தம் நம்பிக்கையோ ‘காவாது விடினும்’ என்று உரைத்த அக்கணத்திலேயே நிறைவு பெற்றுவிட்டது. உழவனின் நம்பிக்கை தங்கையின் நம்பிக்கையாக மாறும் இடமும் அதுவே.

உயிர் பிழைத்தோரின் நன்றியும் இவ்விடத்தில் ஆராயத்தக்கது. அன்று காலை பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டமையால் வீட்டில் தங்கியோரும், பேருந்து தாமதித்தமையால் பிந்தியோரும், தூணின் மறைவில் நின்றமையால் தப்பியோரும் ‘கடவுள் காப்பாற்றினார்’ என்று கூறுவது இயல்பு. அச்சொல்லை அவர்களிடமிருந்து பறிக்க எவர்க்கும் உரிமையில்லை. ஆயினும் அச்சொல், பக்கத்து வீட்டில் மகளை இழந்த தாயின் செவியில் ‘உன் மகளைக் காப்பாற்றவில்லை’ என்றே ஒலிக்கும். ஒரே வாக்கியம் ஒரு வீட்டில் துதியாகவும் மறு வீட்டில் காயமாகவும் அமைவது எங்ஙனம்? நன்றி கடவுளை நோக்கிக் கூறப்படும்வரை அது செபம். அயலவரை நோக்கிக் கூறப்படும்போது அது கோட்பாடாகிவிடுகின்றது. கடவுள் எவரைக் காத்தார், எவரைக் கைவிட்டார் என்று பட்டியலிடும் அறிவு மனிதர்க்கு அருளப்படவில்லை. பிழைத்தவரின் நன்றி இழந்தவரின் கண்ணீரோடு சேர்ந்து அமரும்போதுதான் அது கிறிஸ்தவ நன்றியாகின்றது. யோபுவின் நண்பர்கள் தவறு செய்யாதிருந்த காலம் ஒன்றுண்டு. தொடக்கத்தில் அவர்கள் ஏழு நாட்கள் அவனோடு தரையில் அமர்ந்து ஒரு வார்த்தையும் பேசாதிருந்தனர்.

இனி, பேரம் பேசும் பக்தி என்ற குறைகூறலுக்கு வரலாம். கொச்சிக்கடை பக்தர்கள் கொடுத்தால் பெறலாம் என்ற கணக்கிலேயே வருபவராயின், 2019 ஏப்ரல் 21 ஆம் திகதியோடு அக்கணக்கு முடிந்திருக்க வேண்டும். காப்பிடம் எனக் கருதப்பட்ட இடம் காப்பற்றது என்று அனைவரும் காண மெய்ப்பிக்கப்பட்டது. அதன் பின்னர் சில வாரங்கள் பொதுத் திருப்பலிகளே நிறுத்தப்பட்டன. ஏப்ரல் 28 ஞாயிறன்று கர்தினால் தம் இல்லத்திலிருந்து நிறைவேற்றிய திருப்பலியை மக்கள் தொலைக்காட்சியிற் கண்டனர். ஜூன் 12 ஆம் திகதி, அந்தோனியார் திருநாளின் முந்திய நாளில், செப்பனிடப்பட்ட கொச்சிக்கடை ஆலயம் மீண்டும் திறக்கப்பட்டது. மக்கள் திரும்பி வந்தனர். செவ்வாய்க்கிழமைகள் மீண்டும் நிறைந்தன. கிறிஸ்தவர் அல்லாதோரும் முன்போலவே வந்தனர்.

இது வெறும் பழக்கம் எனலாம். பழக்கத்தின் பங்கை மறுப்பதற்கில்லை. எனினும் அச்சம் பழக்கத்தை எளிதில் வெல்லும் என்பதை நாட்டின் கடைவீதிகளும் விடுதிகளும் அவ்வாண்டில் வெறிச்சோடிக் கிடந்தமை காட்டிற்று. காவலரின் பரிசோதனைக்கு உட்பட்டு, பையைத் திறந்து காட்டி, குண்டு வெடித்த அதே தளத்தில் முழந்தாளிடுபவர் தமக்கு ஒன்றும் நேராது என எண்ணி முழந்தாளிடுகிறார் எனக் கொள்வது கடினம். அவர் எண்ணம் வேறு. தம் துயரைச் சொல்வதற்கு வேறு இடம் இல்லை என்றோ, துயர் நேர்ந்த இடத்திலேயே அதனைச் சொல்ல வேண்டும் என்றோ அவர் உணர்ந்திருத்தல் வேண்டும். நேர்த்தி வைத்தலின் மேற்பரப்பில் பேரம் உண்டு. அதன் அடியில் உறவு உண்டு. கேட்கும் உரிமை தமக்கு உண்டு என நினைப்பவரே கேட்கின்றனர். மேற்பரப்பு உடைந்தபோது அடியில் இருந்தது வெளிப்பட்டது எனலாம்.

கேட்கும் உரிமை என்ற இச்சொற்றொடரே அடுத்த பொருளுக்கு இட்டுச் செல்கின்றது. பேரழிவுகளின் பின்னர், ‘எல்லாம் இறைசித்தம்’ என்று கூறி அமைதல் நம்பிக்கையின் அடையாளம் எனக் கருதப்படுவதுண்டு. 2019 ஏப்ரல் நிகழ்வில் இக்கூற்று ஆபத்தானது. தாக்குதல் நிகழவுள்ளது என்ற தகவல் இந்தியப் புலனாய்வுத் துறையிடமிருந்து ஏப்ரல் 4 ஆம் திகதியே இலங்கைக்குக் கிடைத்திருந்தது. அது உரியவாறு கையாளப்படவில்லை. 2023 ஜனவரி 12 ஆம் திகதி உயர் நீதிமன்றம் வழங்கிய தீர்ப்பில், முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவும் பாதுகாப்புத் துறையின் உயர் பதவியினர் சிலரும் கடமை தவறியமையால் மக்களின் அடிப்படை உரிமைகள் மீறப்பட்டன எனக் கண்டது; முன்னாள் ஜனாதிபதி 10 கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டும் எனவும் பணித்தது. மனிதர் செய்யத் தவறியதைக் கடவுளின் சித்தமாக்குதல் மனிதரை விடுவிக்கின்றது, கடவுளைக் குற்றவாளியாக்குகின்றது. பக்தியின் தோற்றத்தில் நிகழும் இதனினும் பெரிய தேவதூஷணம் இருத்தல் அரிது.

கத்தோலிக்கத் திருச்சபை இவ்விரண்டையும் வேறுபடுத்திய முறை குறிப்பிடத்தக்கது. 2020 ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று கர்தினால், தாக்கியோரைத் தாம் மன்னித்துவிட்டதாக அறிவித்தார். அதே திருச்சபை 2021 மார்ச் 7 ஆம் திகதியைக் கறுப்பு ஞாயிறாக அனுட்டித்து, மக்களைக் கறுப்புடையில் ஆலயத்துக்கு வரச்செய்து, உண்மை வெளிவர வேண்டும் எனக் கோரிற்று. இதனை முரண்பாடு எனச் சிலர் கருதினர். ஆனால் மன்னிப்பு, இழந்தவர் தாமே வழங்கும் கொடை. உண்மையும் நீதியும் இழந்தவர்க்கு மற்றவர் செலுத்த வேண்டிய கடன். கொடை வழங்கியதால் கடன் தீர்ந்துவிடாது. யோபு கடவுளிடமே கணக்குக் கேட்டான் எனின், கடவுளை நம்புபவன் அரசிடம் கணக்குக் கேட்டல் எவ்வாறு நம்பிக்கையீனம் ஆகும்?

இச்சோதனைக்கு மற்றொரு முகமும் உண்டு. கடவுளை நம்புவதா என்பதோடு, அயலவனை நம்புவதா என்ற வினாவையும் அது எழுப்பிற்று. கொட்டாஞ்சேனையின் வரலாறு இதில் எச்சரிக்கை தருகின்றது. 1883 மார்ச் 25 ஆம் திகதி, அதுவும் ஓர் உயிர்த்த ஞாயிறு, பௌத்த ஊர்வலம் ஒன்றை ஒட்டி இப்பகுதியில் கத்தோலிக்கர்க்கும் பௌத்தர்க்கும் இடையே கலவரம் மூண்டது. 1983 ஜூலையில் கொட்டாஞ்சேனையிலும் வெள்ளவத்தையிலும் தமிழரின் வீடுகளும் கடைகளும் எரிக்கப்பட்டன. அன்று அகதி முகாம்களில் ஒதுங்கிய சைவரும் கிறிஸ்தவரும் தத்தம் தெய்வத்தை நோக்கி ஒரே வினாவையே கேட்டிருப்பர். செய்தவன் ஒருவனாக, சுமந்தவர் அவனது இனத்தவர் அனைவராகும் கொடுமையைத் தமிழர் தம் உடலில் அறிந்தவர். 2019 இல் அக்கொடுமை முஸ்லிம்கள்பால் திரும்பிற்று. மே மாதத்தில் வடமேல் மாகாணத்திலும் மினுவாங்கொடையிலும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. பழிவாங்கலில் இறங்க வேண்டாம் என்று கர்தினால் மீண்டும் மீண்டும் வேண்டினார். பகைவனை நேசித்தல் என்ற போதனை, பகைவனே அல்லாத அயலவனைக் காத்தல் என்ற மிகக் குறைந்த அளவிலாவது அப்போது கடைப்பிடிக்கப்பட வேண்டியிருந்தது. கடவுள்மீதான நம்பிக்கை சோதனையில் தேறிற்றா என்பதை அறிய, அயலவனின் கடை எரியாது நின்றதா என்பதைக் காட்டிலும் உறுதியான அளவுகோல் இல்லை.

இலங்கையின் முதற் புனிதராகிய யோசேப் வாஸ் அடிகளாரின் வாழ்வு இங்கு நினைக்கத்தக்கது. ஒல்லாந்தரின் தடையை மீறி, 1687 இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில் கோவையிலிருந்து, அதாவது போர்த்துக்கேயரின் கோவாவிலிருந்து, அவர் யாழ்ப்பாணம் வந்தார். கண்டி சென்றபோது ஒற்றர் என ஐயுற்றுச் சிறையிடப்பட்டார். 1697 இல் கண்டியில் அம்மைநோய் பரவி, உறவினரே நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது அவர் அங்கிருந்து பணிசெய்தார். அவர் 2015 ஜனவரி 14 இல் காலிமுகத்திடலில் புனிதராக உயர்த்தப்பெற்றார். கொள்ளைநோய் ஏன் வந்தது என்பதற்கு அவர் தத்துவம் எழுதியதாகத் தெரியவில்லை. நோயாளர்க்கு நீர் கொடுத்தார்; இறந்தோரை அடக்கம் செய்தார். விடையில்லாத வினாவோடு வாழும் முறை ஒன்றை அவர் செயலாற் காட்டினார்.

இவையாவும் கடவுள் உளர் என்பதை நிறுவா. கடவுளை நம்பாதவன் இவ்வனைத்தையும் படித்த பின்னரும், மனிதர் மனிதர்க்கு ஆற்றிய தொண்டையே இங்கு தான் காண்பதாகக் கூறலாம். அவன் கூற்றுக்குத் தருக்கத்தால் விடையிறுத்தல் எளிதன்று. நம்புபவன் செய்யக்கூடியது ஒன்றே: தன் நம்பிக்கை எத்தகையது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளல். பெரிய வெள்ளியன்று கிறிஸ்தவர் தியானிக்கும் ஏழு திருவசனங்களுள் ஒன்று, சிலுவையில் தொங்கிய இயேசு தம்மைக் கைவிட்டது ஏன் எனக் கடவுளையே கேட்ட வினா. அவ்வினாவுக்கு அன்று வானிலிருந்து விடை வரவில்லை. ஆயினும் கேட்டவர் கேட்கப்பட்டவரை விட்டு முகந்திருப்பவில்லை. அவரையே விளித்துக் கேட்டார். நம்பிக்கையிழந்தவன் கேட்பதில்லை; அவன் எழுந்து போய்விடுகின்றான்.

கொச்சிக்கடையில் செவ்வாய்தோறும் எரியும் மெழுகுதிரிகளுள் சில, அன்று இழந்தோரின் வீடுகளிலிருந்து வருபவை. அவற்றை ஏற்றுபவர் தம் நேர்த்தி நிறைவேறும் என்று இன்னும் எதிர்பார்க்கின்றனரா என்பதை அவர்களே அறிவர். வராத அண்ணனை எண்ணி வாசலில் நிற்கும் தங்கையைப்போல, ‘ஏன்?’ என்ற வினாவோடு அவர்கள் அங்கு நிற்கின்றனர். அவர்கள் அங்கு நிற்கும்வரை அவ்வினாவும் ஒரு செபமே.